படிப்புக்கு முன்னால் ஒரு கூரை

‘படிச்சா முன்னேறிடலாம்’ என்று சேரிப் பிள்ளைகளுக்குச் சொல்லாதவர் இல்லை. மதுரைக்குப் படிக்க வந்த பிள்ளை ராத்திரி எங்க படுக்கும், எதைத் திங்கும் என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான்.

1926இல், அன்றைய மதுரை ஜில்லாவில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். சிறுவயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மா கூலி வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். மகள் மதுரையில் தங்கிப் படித்துப் பட்டதாரியானது, டாக்டர் சௌந்தரத்தின் ஆதரவில் விடுதியில் இடம் கிடைத்ததால்.

இதைத் தனியொருவரின் விடாமுயற்சி என்று மட்டும் மெச்சுகிறவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். விடுதி கிடைக்காமல் களத்துமேட்டோடு நின்றுபோன பிள்ளைகளுக்கு முயற்சியா இல்லை? கூரைதான் இல்லை.

1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபின், கிருஷ்ணம்மாள் கணவர் ஜெகந்நாதனோடு கீழத்தஞ்சைக்குப் போனார். இருவரும் 1981இல் ‘லாஃப்டி’யைத் தொடங்கினார்கள். நிலத்தைத் தலித் பெண்கள் பெயரிலேயே பதிய வைத்தார்கள். வீடுகளும் கட்டப்பட்டன. கூரையின் அருமை பட்டவருக்குத்தான் தெரியும்.

2025இல் அரசு மாணவர் விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பேர் வைத்தது தமிழக அரசு. பேர் நல்ல பேர்தான். உள்ளே சோறும், கக்கூசும், படிக்க வெளிச்சமும் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டியது நம் வேலை.