குறைந்த செலவில் நிறைவான உணவு: தமிழ்நாட்டு எளிய வீட்டுச் சமையலின் வரலாறு

குறைந்த செலவில் வீட்டிலேயே சமைத்து, குடும்பம் முழுவதும் வயிறு நிறைய உண்ணும் முறையை எளிய வீட்டுச் சமையல் எனலாம். அரண்மனை விருந்துகள் பற்றியும் கோயில் பிரசாதங்கள் பற்றியும் நிறைய எழுதப்பட்டுள்ளது. கூழ், களி, கஞ்சி, கீரை ஆகியவற்றின் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. ஆனால் தமிழ்நாட்டு மக்களுள் பெரும்பாலோரை வளர்த்தவை இவையே. இவ்வுணவு எவ்வாறு அமைந்தது, எந்தச் சூழல்களில் மாறியது, அந்த மாற்றத்தில் எதைப் பெற்றோம், எதை இழந்தோம் என்பதை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

சங்க இலக்கியத்தில் ஓர் ஏழை அடுக்களை

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, நல்லூர் நத்தத்தனார் பாடியது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், தன் பழைய வறுமையை அதில் நினைவுகூர்கிறான். அவன் வீட்டு அடுக்களையின் கூரை இற்று விழுகிறது. கரையான் அரித்த சுவரில் காளான் பூத்திருக்கிறது. அங்கே குட்டி ஈன்ற நாய் பசியால் பால் வற்றிக் குரைக்கிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியின்றி வேகவைக்கிறாள். அயலார் பார்த்துவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

அதே நூல், வழியில் உள்ள ஆமூரில் உலக்கையால் குத்திய அரிசிச் சோற்றையும் நண்டையும் பெறலாம் என்று கூறுகிறது. வயல்வளம் உள்ள ஊரில் அரிசி, வறுமை உள்ள வீட்டில் கீரை என்ற வேறுபாடு அக்காலத்திலேயே இருந்தது. எளிய உணவை உண்பது வெளியே தெரியக்கூடாது என்ற நாணமும் இருந்தது. இந்த நாணம் பிற்கால வரலாற்றிலும் தொடர்ந்து வருவதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கூழும் களியும் கீரையும்

ஆற்றுப் பாசனம் உள்ள காவிரிப் படுகை, தாமிரபரணிக் கரை போன்ற பகுதிகளில் நெல் விளைந்தது. வானம் பார்த்த பூமியாகிய பிற பகுதிகளில் கம்பு, கேழ்வரகு, சோளம், வரகு, சாமை, தினை, குதிரைவாலி ஆகியவை விளைந்தன. இவற்றுக்கு நீர் குறைவாகவே போதும். உமியோடு சேமித்தால் நெடுநாள் கெடாமல் இருக்கும். ஆகவே உழைக்கும் மக்களின் அன்றாட உணவு இவற்றைச் சார்ந்தே அமைந்தது. அப்பகுதிகளில் நெல்லுச் சோறு என்பது தீபாவளி, பொங்கல் போன்ற நாட்களுக்கு உரியது. 1960கள் வரையிலும் பல சிற்றூர்களில் இதுவே நிலை.

கம்பை நீர் தெளித்து உரலில் இடித்து, உமி புடைத்து, மீண்டும் குருணையாக இடித்துச் சோறாக்குவர். அதை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்து, மறுநாள் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்துக் குடிப்பர். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் இட்டுத் துடுப்பால் கிளறினால் களி. புளிக்க வைத்த மாவை நொய்யரிசியோடு காய்ச்சினால் கூழ். மீந்த சோற்றில் நீர் ஊற்றி வைத்தால் மறுநாள் பழைய சோறு.

இம்முறையில் மூன்று வகைச் சிக்கனம் உண்டு. முதலாவது விறகுச் சிக்கனம்: ஒருமுறை அடுப்பு மூட்டினால் இரண்டு மூன்று வேளைக்கு உணவு கிடைத்தது. இரண்டாவது காலச் சிக்கனம்: விடியலில் வயலுக்குச் செல்லும் பெண் காலையில் சமைக்க வேண்டியதில்லை. மூன்றாவது, எதையும் வீணாக்காமை: வடித்த கஞ்சி குடிக்க உதவியது, அரிசி கழுவிய நீர் குழம்புக்கோ மாட்டுக்கோ சென்றது. இரவு முழுவதும் நீரில் ஊறும் சோற்றில் நன்மை தரும் நுண்ணுயிரிகள் பெருகி அதை இலேசாகப் புளிக்க வைக்கின்றன. பால் தயிராவதும் இத்தகைய நுண்ணுயிரிகளாலேயே.

தானியத்தோடு சேர்ந்த துணை உணவுகளும் முக்கியமானவை. வரப்பில் தானாக முளைத்த பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, முடக்கத்தான் போன்றவற்றுக்கு விலை இல்லை. கம்போடும் சோளத்தோடும் ஊடுபயிராக விதைத்த தட்டைப்பயறு, மொச்சை, துவரை ஆகியவையும், தனியே விளைந்த கொள்ளும் பருப்புத் தேவையைத் தந்தன. கடலோரத்திலிருந்து கருவாடு வந்தது. மிளகாய், நிலக்கடலை, மரவள்ளி ஆகியவை அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின், 16ஆம் நூற்றாண்டு முதல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் ஏழைகளின் அடுக்களையில் நிலைபெற்றன. அதற்கு முன் காரத்துக்கு மிளகே பயன்பட்டது.

குன்னூர் ஆய்வகம் கண்டது

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இயந்திர அரிசி ஆலைகள் பரவின. உரலில் குத்திய அரிசியில் தவிடு ஓரளவு ஒட்டியிருக்கும். ஆலையில் தீட்டிய அரிசி வெண்மையாக இருந்தாலும், தவிட்டோடு பி1 உயிர்ச்சத்தும் போய்விடும். அச்சத்துக் குறைவால் பெரிபெரி என்னும் நோய் வந்தது.

இதை ஆராய்வதற்காக 1918இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் இராபர்ட் மெக்கரிசன் ஒரு சிறு ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய வடமேற்கு உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. அரிசியை மட்டுமே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை நலிந்தன. அவருக்குப் பின் பொறுப்பேற்ற வாலஸ் எய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருட்களின் சத்து அளவுகளையும் சரிவிகித உணவைத் திட்டமிடும் முறையையும் 1937இல் ஒரு கையேடாக வெளியிட்டார். அந்த ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே.

புழுங்கல் அரிசியின் சிறப்பும் இக்காலத்தில் விளங்கியது. நெல்லை உமியோடு அவிக்கும்போது பி1 சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குச் சென்றுவிடுகிறது. அதனால் தீட்டிய பிறகும் அது முழுவதும் போவதில்லை. காந்தியடிகள் 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கமும், அதை நடத்திய தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் கைக்குத்தல் அரிசிக்காகப் பிரசாரம் செய்தனர்.

போரும் பங்கீடும்

சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தன. 1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியரிடம் வீழ்ந்ததும் அந்த வரத்து நின்றது. அடுத்த ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். சென்னை போன்ற நகரங்களில் பங்கீட்டு முறை வந்தது. ரேஷன் கார்டு என்ற சொல் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது இக்காலத்தில்தான்.

அப்போது திருவிதாங்கூரில் இருந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் மரச்சீனிக் கிழங்கு மக்களைக் காத்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியை ஊக்குவித்திருந்தார். அவித்த கிழங்கும் மீன் குழம்பும் இன்றும் அம்மாவட்டத்தின் அடையாள உணவாக உள்ளன. கிழங்கில் மாவுச்சத்து மிகுதி, புரதம் மிகக் குறைவு. அக்குறையை உடன் சேர்ந்த மீன் நிறைவு செய்தது.

1952இல் முதலமைச்சர் இராஜாஜி சென்னை மாநிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆயினும் தட்டுப்பாடு தீரவில்லை. 1954இல் இயற்றப்பட்ட அமெரிக்காவின் பி.எல்.480 சட்டத்தின்படி கோதுமை கப்பல்களில் வந்தது. 1965, 1966 ஆண்டுகளின் வறட்சியில் அரிசி கிடைப்பது அரிதானது. அரிசி உண்டு பழகிய வீடுகள் கோதுமையை ரவையாக உடைத்து உப்புமாவாகவும், கஞ்சியாகவும், மாவாக அரைத்துத் தோசையாகவும் மாற்றிக்கொண்டன. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு முதலில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கியது.

அரிசி எல்லார்க்கும் கிடைத்தது

1960களின் பிற்பகுதியில் அதிக விளைச்சல் தரும் நெல் ரகங்கள் பரவின. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. ரேஷன் அரிசி 2006இல் கிலோ 2 ரூபாய்க்கும், 2008இல் 1 ரூபாய்க்கும் வழங்கப்பட்டு, 2011 முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. பட்டினியை விரட்டியதில் இத்திட்டங்களின் பங்கு மிகப் பெரியது. இரவு உணவு இல்லாமல் உறங்கிய பிள்ளைகளைக் கண்ட ஆசிரியர் எவரும் இதை மறுக்க மாட்டார்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அரிசி மலிந்தபோது கேழ்வரகும் கம்பும் அடுக்களையை விட்டு விலகின. அவற்றை விதைத்த நிலங்கள் வேறு பயிர்களுக்கு மாறின. கம்பும் சோளமும் குறைந்தபோது அவற்றோடு விளைந்த மொச்சையும் தட்டைப்பயறும் குறைந்தன. வரப்புக் கீரையைப் பறிக்கும் பழக்கமும் அருகியது. தானியம் மலிவாகக் கிடைத்தது, பருப்பையும் காயையும் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அரசும் இதை உணர்ந்தது. சத்துணவில் 1989இல் முட்டை சேர்க்கப்பட்டது. 2007 முதல் ரேஷன் கடைகளில் துவரம் பருப்பு, உளுந்து, பாமாயில் ஆகியவை குறைந்த விலையில் வழங்கப்பட்டன.

விலை மட்டுமே காரணம் அன்று. நான் 1980களில் வடமாவட்டப் பள்ளி ஒன்றில் பணியாற்றியபோது, களி கொண்டுவரும் பிள்ளைகள் தூக்குவாளியின் மூடியை முழுவதும் திறக்காமல், கையால் மறைத்துக்கொண்டு உண்பார்கள். வெள்ளைச் சோறு கொண்டுவந்த பிள்ளைகள் நடுவில் அமர்ந்திருப்பார்கள். களியே சத்து மிகுந்தது என்று வகுப்பில் பாடம் நடத்திய நானும் அன்று சோறுதான் கொண்டுபோனேன். சிறுபாணாற்றுப்படைப் பெண் அடைத்த கதவு என் நினைவில் நிற்பதற்கு அந்த மூடிகளே காரணம்.

இன்றைய நிலை

ஏழைகளின் உணவாக இருந்த சிறுதானியங்கள் இன்று பெரும்பாலும் அரிசியைவிட விலை கூடியவை. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அதே அளவில் 10 மில்லிகிராம் அளவே உள்ளது. இன்னொரு பக்கம், 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. பசி தீர்ந்த வீடுகளிலும் சத்துக் குறைவு தீரவில்லை என்பதே இதன் பொருள்.

விலையுயர்ந்த உணவை வாங்கித்தான் இதைத் தீர்க்க வேண்டும் என்பதில்லை. பழைய அடுக்களையின் கணக்கு இன்றும் பொருந்தும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு பருப்பிலும் பயறிலும் நிறைய உண்டு. ஆகவே சோறும் பருப்பும் சேரும்போது புரதம் நிறைவு பெறுகிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க எலுமிச்சை, நெல்லிக்காய் ஆகியவற்றின் சி உயிர்ச்சத்து உதவுகிறது. ரேஷன் புழுங்கலரிசிச் சோறு, கொள்ளு ரசம் அல்லது தட்டைப்பயறுக் குழம்பு, கடைந்த முருங்கைக்கீரை, ஒரு துண்டு நெல்லிக்காய் ஊறுகாய், மறுநாள் காலைக்குப் பழைய சோறும் சின்ன வெங்காயமும் என்று ஒரு நாள் உணவைக் குறைந்த செலவில் அமைக்கலாம். முருங்கை பல வீடுகளின் கொல்லையிலேயே நிற்கிறது.

மலிவான தானியம் கிடைத்தால் மட்டும் மலிவான நல்லுணவு அமைந்துவிடாது. அதனோடு சேரும் பயறும் கீரையும் மோரும்தான் அதை முழு உணவாக்கின. தமிழ்நாட்டு எளிய வீட்டுச் சமையலின் வரலாறு காட்டும் உண்மை இது. இதைப் படிக்கும் மாணவர்கள், தங்கள் வீட்டுப் பாட்டியிடம் அவர் சிறுவயதில் எந்தக் கீரையை எங்கே பறித்தார், எந்தப் பயற்றோடு எதைச் சமைத்தார் என்று கேட்டு எழுதி வைக்கலாம். நூல்களில் இல்லாத செய்திகள் பல அவர்களிடம் இன்னும் இருக்கின்றன.