கரணை

நெல்லிக்குப்பத்தைச் சுற்றியுள்ள வயல்களில் கரும்பை யாரும் விதைப்பதில்லை. வெட்டித் துண்டு போட்டுப் புதைக்கிறார்கள். பருவோடு கூடிய அந்தத் துண்டுக்குக் கரணை என்று பெயர். கரணையிலிருந்து எழுவது பழைய கரும்பின் பிள்ளையல்ல, அதே கரும்புதான். 19ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை கண்ட ஊர் இது. ஆலைக்கும் வேண்டியது இந்த மாறாமையே.

மாறாமைக்குக் காரணம் ஸெல் பிரியும் விதம். பிரிவதற்கு முன் ஸெல் தன் குரோமோஸோம்களை இரட்டித்து, இரு புறமும் முழுத் தொகுதியாக ஒப்படைத்துவிடுகிறது. எப்படி இரட்டிக்கிறது என்பது 1953ல் வாட்ஸனும் க்ரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைச் சொன்ன பிறகே புரிந்தது. (ரோஸலிண்ட் ஃப்ராங்க்ளினின் எக்ஸ்ரே படங்களுக்கு அதில் உள்ள பங்கு வெகுகாலம் சரியாகப் பேசப்படவில்லை.) அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே ஸைட்டோஸின். இரண்டு இழைகளும் விலக, ஒவ்வொன்றும் தன் ஜோடியைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. புதிய சுருள் ஒவ்வொன்றிலும் ஓர் இழை பழையது என்பதை 1958ல் மெஸல்ஸனும் ஸ்டாலும் நிரூபித்தார்கள். ஏடு பார்த்து ஏடு எழுதியவன் முடித்ததும் பழைய ஏடு ஒரு பக்கம் தனியே கிடக்கும். இங்கே மூலமே பிளந்து இரு பிரதிகளுக்குள்ளும் போய்விடுகிறது. மூலமா தழுவலா என்று நம் பத்திரிகைகளில் நடந்த சண்டைகளை நினைத்தால் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

பிரதிகளே இப்படிப் பெருகுமானால் புதிய கரும்பு எங்கிருந்து வரும்? பூவிலிருந்துதான். வடக்கே அரிதாகப் பூக்கும் கரும்பு கோயம்புத்தூரில் நன்றாகப் பூத்து விதையும் பிடிக்கும். 1912ல் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை அவ்வூர் நாணலோடு இணைத்தார்கள். நாணலில் இனிப்பு கிடையாது, முரட்டுத்தனம் உண்டு. பிறந்தது கோ 205. 1918ல் பஞ்சாபுக்குப் போயிற்று.

பூவில் நடக்கும் பிரிவு வேறு வகை. தாய் பாதி, தந்தை பாதி. வெள்ளைக்கு 80 குரோமோஸோம், கோவை நாணலுக்கு 64. பிள்ளைக்கு 72 இருக்க வேண்டும். எண்ணினால் 112! தாய் பாதியாகக் கொடுக்காமல் 80ஐயும் கொடுத்திருக்கிறாள். தந்தை முறைப்படி 32. இத்தகைய கலப்புகளின் கணக்கை ஜாவாவில் ப்ரெமர் என்ற டச்சுக்காரர் 1920களில் அவிழ்த்தார். இனிப்பு முழுதாகத் தங்க, நாணலின் வலிமையும் கூடியதற்கு இந்த ஒழுங்கீனமே துணை. கலப்பைச் செய்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டா செய்தார்கள்?

1934ல் கோவைக்கு வந்த ஜானகி அம்மாள் நாணலின் வகைகளை ஒவ்வொன்றாக எண்ணினார், கரும்பை மக்காச்சோளத்தோடும் சேர்த்துப் பார்த்தார். 1939ல் இங்கிலாந்து சென்றவர் 1945ல் டார்லிங்டனுடன் பயிர்களின் குரோமோஸோம் அட்லஸை வெளியிட்டார். கோவைக் கரும்பு என்றால் வெங்கட்ராமன் பெயர் சொல்லப்படுகிறது, நியாயம்தான். மைக்ராஸ்கோப்பில் குனிந்து எண்ணியவரின் பெயரையும் உடன் சொல்லாதது நியாயமாகப் படவில்லை.

பிரதிக்கும் விலை உண்டு. கடலூர் ஆராய்ச்சி நிலையத்தின் கோ.க. 671 1982ல் வெளிவந்தது. சர்க்கரைச் சத்து மிகுந்த ரகம், எங்கும் அதையே நட்டார்கள். பிறகு செவ்வழுகல் வந்தது. தண்டைப் பிளந்தால் சிவப்பு, குறுக்கே வெள்ளைத் திட்டுகள், புளித்த சாராய வாடை. ஒரு கரும்பால் தாங்க முடியாததை அதன் பிரதிகளில் எதுவும் தாங்காது. போதாக்குறைக்கு, பூஞ்சாணமும் கரணை வழியே அடுத்த வயலுக்குப் போயிற்று. தமிழ்நாட்டின் கடலோரத்தில் அந்த ரகம் நிலைக்கவில்லை.

2000த்தில் வெளியாகித் தமிழ்நாடெங்கும் பரவியது கோ 86032. அதன் தாய் கோ 62198. தந்தை, அந்தக் கோ.க. 671தான்.