நொஸ்பெராட்டு: காலம் தாழ்ந்த ஒரு திருத்தம்

திருத்தம் வெளியிடுவது ஒரு பத்திரிகைக்குக் கௌரவக் குறைவன்று. பிழையை அப்படியே விட்டுவிடுவதே கௌரவக் குறைவு. எனக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்தோர் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் எழுதிய ஒரு பிழைக்கு இன்று திருத்தம் எழுத முற்படுகிறேன்.

எண்பதுகளில் நண்பர் ஒருவரின் வீட்டில், வீடியோ நாடாவில், ‘நொஸ்பெராட்டு’ என்னும் ஜேர்மன் மௌனப்படத்தைப் பார்த்தேன். எத்தனையாவது பிரதியின் பிரதியோ, மங்கிப்போன கறுப்பு வெள்ளைப் படம். ஓர்லொக் பிரபு என்னும் இரத்தக்காட்டேரி தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு நகர வீதியில் நடந்து செல்கிறான். நல்ல பகல் வெளிச்சம். படத்தின் இறுதியிலோ, காலைச் சூரியனின் ஒளி பட்டு அவன் புகையாகக் கரைந்து போகிறான். பகலில் உலாவியவன் பகலொளியால் எப்படி மாள்வான்? இது நெறியாளரின் கவனக்குறைவு என்று வாரப் பதிப்புக்கு ஒரு குறிப்பு எழுதினேன். அதை மறுத்து எவரும் எழுதவில்லை.

மீளமைக்கப்பட்ட இப்படம் 2013ஆம் ஆண்டில் ப்ளூ-ரே இறுவட்டாக வெளிவந்தது. அண்மையில் அதனை வீட்டில் இருந்து பார்த்தபோதுதான் என் பிழை புலப்பட்டது. அந்த வீதிக் காட்சி நீல நிறத்தில் இருந்தது. அது பகலன்று, இரவு.

அக்காலப் படச்சுருள்களுக்கு இரவின் இருளில் காட்சியைப் பதிவுசெய்யும் திறன் இருக்கவில்லை. ஆகவே பகலில் படமாக்கி, திரையிடும் பிரதியைச் சாயத்தில் தோய்த்தெடுப்பார்கள். நீலம் என்றால் இரவு. மஞ்சள் என்றால் பகலொளி அல்லது விளக்கொளி. இளஞ்சிவப்பு என்றால் விடியல். 1922ஆம் ஆண்டின் பார்வையாளருக்கு இதனை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஆனால் சாயம் ஏற்றப்பட்டது ஒவ்வொரு பிரதியிலுமே, மூலச்சுருளில் அன்று. பின்னாளில் கறுப்பு வெள்ளையில் பிரதியெடுத்தவர்கள் இரவையே அழித்துவிட்டார்கள். நான் குறைகூறியது நெறியாளர் முர்னாவ் எடுத்த படத்தையன்று, அதன் எச்சத்தை.

அந்த எச்சமாவது எஞ்சியது எப்படி என்பது தனிக்கதை.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவல் 1897இல் வெளியானது. அவர் 1912இல் காலமானார். 1921இல் ஜேர்மனியில் என்ரிக்கோ டீக்மன், அல்பின் கிராவ் ஆகிய இருவரும் ஒரு படநிறுவனத்தைத் தொடங்கினர். அதன் பெயர் ‘பிராணா’. ஆம், நம்மவர் அறிந்த பிராணன்தான். கிராவ் மறைஞானத்தில் ஈடுபாடுடையவர். நாவலின் உரிமையை வாங்காமலே இவர்கள் படமெடுத்தனர். டிராகுலா ஓர்லொக் ஆனான். லண்டன் நகரம் விஸ்பேர்க் என்னும் கற்பனை ஜேர்மன் நகரமாயிற்று. எனினும் கதை ஸ்டோக்கருடையது என்று படத்தின் தொடக்க எழுத்துகளிலேயே குறிப்பிட்டும் விட்டார்கள். ஓர்லொக்காக நடித்தவர் மக்ஸ் ஷ்ரெக். ‘ஷ்ரெக்’ என்ற ஜேர்மன் சொல்லுக்குப் பயம் என்பது பொருள். அது அவரது சொந்தக் குடும்பப் பெயரே. 1922 மார்ச் 4ஆம் திகதி பேர்லின் விலங்கியற் பூங்காவின் பளிங்கு மண்டபத்தில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

செய்தி ஸ்டோக்கரின் மனைவி புளோரன்ஸை எட்டியது. பிரித்தானிய எழுத்தாளர் சங்கத்தின் துணையுடன் அவர் நட்டஈடு கோரினார். அதற்குள் பிராணா நிறுவனம் வங்குரோத்தாகிவிட்டது. ஒரே படத்துடன் அதன் பிராணனும் போயிற்று. பணம் கிடைக்காது என்று கண்ட புளோரன்ஸ், பிரதிகள் அனைத்தையும் அழிக்கவேண்டும் என்று வழக்காடினார். 1925இல் அவ்வாறே உத்தரவாயிற்று.

அவரை வில்லியாகச் சித்திரிப்பது திரைப்பட வரலாற்றாசிரியர் சிலரின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணவர் விட்டுச்சென்ற சொத்துகளுள் வருவாய் தரக்கூடியது அந்த ஒரு நாவலே. அதனைக் கேளாமல் எடுத்துப் பயன்படுத்தியவர்கள் மீது ஒரு விதவை வழக்குத் தொடுத்தது குற்றமாகாது. எழுத்தால் வயிறு வளர்த்தவன் என்ற முறையில் நான் அவர் பக்கமே நிற்பேன். ஆனால் கூலி கேட்பது வேறு. படைப்பை எரிக்கச் சொல்வது வேறு. முன்னையதில் நியாயம் முழுவதும் அவருடையது. பின்னையதில் நட்டம் அவரையும் பிராணாவையும் தாண்டி, இன்னும் பிறவாதவர்களையும் சேர்கிறது.

நல்ல காலமாக உத்தரவு முழுமையாக நிறைவேறவில்லை. பிரதிகள் முன்னரே எல்லை கடந்திருந்தன. 1928இல் லண்டனிலும், 1929இல் அமெரிக்காவிலும் படம் திரையிடப்பட்டது. மூலச்சுருள் இன்று இல்லை. மீளமைப்புக்கு அடிப்படையாக இருந்தது, பாரிஸ் திரைப்படக் காப்பகத்தில் எஞ்சியிருந்த, சாயமேற்றிய 1922ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பிரதியாகும். அதில் இல்லாத காட்சிகள் ஜேர்மன் காப்பகத்துப் பிரதியிலிருந்து சேர்க்கப்பட்டன. முர்னாவின் சம்மதமின்றி, 1930இல் ‘பன்னிரண்டாம் மணி’ என்று பெயர் மாற்றி வெளியிட்ட பதிப்பொன்றும் உதவியது. உரிமையின்றி எடுத்த படத்துக்கு, உரிமையின்றி வெட்டி ஒட்டிய பதிப்பு கைகொடுத்தது! ஹான்ஸ் ஏர்ட்மனின் இசையும் மீட்டமைக்கப்பட்டது. 2006இல் முர்னாவ் அறக்கட்டளையின் இப்பணி நிறைவுற்றது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாவலில் டிராகுலா லண்டன் வீதியில் பகலிலும் நடமாடுவான். சூரிய ஒளி காட்டேரியைக் கொல்லும் என்ற, இன்று உலகறிந்த நம்பிக்கை இந்தப் படத்திலிருந்தே பரவியது. கவனக்குறைவு என்று நான் எழுதிய இடமே இப்படம் உலகுக்குக் கொடுத்த புதுமை.

நெறியாளர் முர்னாவ் 1931இல் கார் விபத்தில் இறந்தார். அவரிடம் வருத்தம் தெரிவிக்க வழியில்லை. என் குறிப்பு வெளியான அந்த வாரப் பதிப்பு எங்கேனும் ஒரு வாசகரின் பழைய தாள்கட்டில் இன்னும் இருந்தால், இந்தத் திருத்தத்தையும் அதனுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பிழையை மட்டும் கிழித்தெறியவேண்டாம்.