குடிச்சவன் வண்டி, அடிபட்டவன் வழக்கு

எங்க போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவங்களைக் கேளுங்க, எதிரில் வருபவன் போதையில் இருந்தால் என்ன ஆகும்னு சொல்வாங்க. அடிபட்டா யார்கிட்ட நஷ்டஈடு கேட்கிறது? அதுக்கு ஒரு வரலாறு இருக்கு மக்களே.

1939 மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் சிவில் கோர்ட்டுக்குத்தான் நடையா நடக்கணும். தனித் தீர்ப்பாயத்துக்கு வழி பிறந்தது 1956 திருத்தத்தில்தான். 1988 சட்டம் ஆறு மாசக் கெடு வைத்தது. 1994-ல் அதைத் தூக்கிட்டாங்க. அதே திருத்தத்தில் எல்லைக்காரங்க நமக்கு ஒரு நல்லதும் நடந்துச்சு. மெட்டுக்கு அந்தப் பக்கம், இடுக்கியில் அடிபட்டாலும் குடியிருக்கிற தேனி மாவட்டத்திலேயே மனு போடலாம்.

அடுத்த கேள்வி: ஓட்டியவன் குடிச்சிருந்தான்னு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிச்சா? 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கு லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர்கள் பற்றியது. கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் குடிபோதை விபத்துக்கும் அப்படியே சொன்னது. எனக்கு இதில் பிடிச்சதே அதுதான்: அவங்க சண்டைக்காக அடிபட்டவர் காத்திருக்க வேண்டாம்.

ஆனா 2019 திருத்தத்தால் அந்த ஆறு மாசக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் திரும்பி வந்திருக்கு. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் போட்டாங்க. அதை நம்பி உட்காராதீங்க. எஃப்.ஐ.ஆர் நகல், ஆஸ்பத்திரி ரசீது எல்லாம் பத்திரம். ரோட்டோரத்திலேயே பேசி முடிச்சிக்கலாம்னு யாராவது நோட்டை நீட்டினா, 1956-லிருந்து இருக்கிற தீர்ப்பாயத்தைக் கொஞ்சம் நினைச்சுக்குங்க.