உப்பில் ஒளிந்த இனிப்பு

யப்பானியரின் பலகார வகைகளுள் மொனக்கா என்பது ஒன்று. பசையரிசி மாவை அவித்துப் பிசைந்து, மிக மெல்லியதாகத் தேய்த்து, அச்சில் வைத்துச் சுட்டால், வாயிலிட்டவுடன் நொறுங்கும் ஓடுகள் கிடைக்கும். இரண்டு ஓடுகளுக்கு இடையே கருஞ்சிவப்பு நிறமான இனிப்பு விழுதொன்றை வைத்து மூடுவர். அசுக்கி என்னும் சிவப்புப் பயற்றை அவித்துச் சீனியிட்டுக் கிண்டி எடுக்கும் அவ்விழுதுக்கு அங்கோ என்று பெயர். பயறும் சர்க்கரையும் சேர்த்துக் கொழுக்கட்டைக்கு உள்ளுடன் செய்யும் வழக்கமுடைய நம் நேயர்களுக்கு அதன் தன்மையைப் பெரிதும் விளக்க வேண்டியதில்லை.

மொனக்காவை முதன்முறை உண்பவர்க்கு அரிசி ஓட்டின் மொறுமொறுப்பும் சுட்ட மணமும் முதலிலே தோன்றும். அடுத்து விழுதின் இனிப்பு நாவில் பரவும். அது பரவி அடங்கும் வேளையில், எங்கிருந்தோ வந்ததுபோல் உப்பின் சாயல் ஒன்று தென்படும். சமையற்காரர் கை தவறி இட்ட உப்பன்று அது. அங்கோ கிண்டி இறக்கும் தறுவாயில் அதில் ஒரு சிட்டிகை உப்பிடுவது அந்நாட்டில் பெருவழக்கு. அசுக்கிப் பயற்றினால் ஆக்கிய இனிப்புக் கஞ்சியைப் பரிமாறும்போது, உப்பிட்ட கடற்பாசித் துண்டுகளைப் பக்கத்தில் ஒரு சிறு தட்டில் வைப்பதும் உண்டு. சோயாச் சாறு பூசிச் சுட்ட அரிசி அப்பளத்தின்மேல் பருமணிச் சீனியைத் தூவி விற்பதும் உண்டு. இனிப்பும் உப்பும் கலந்த இச்சுவைக்கு அமாஜொப்பாய் என ஒரு தனிச் சொல்லே அம்மொழியில் வழங்குகின்றது.

சிறிதளவு உப்பு கசப்பை அடக்கி இனிப்பை எடுத்துக் காட்டும் என்பது உடலியல் தரும் விளக்கம். அது உண்மையே. ஆயினும் அச்சிட்டிகை உப்பினுள் வரலாறும் ஒன்று அடங்கியிருக்கின்றது. சீனியை விளைவித்தவர் யார், அதனை உண்டவர் யார் என்னும் வினாவோடு பிணைந்த வரலாறு அது.

அசுக்கி என்பது நம் உழுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் உறவான ஒரு பயிர். மூன்றும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. காட்டுக்கொடியாக இருந்த அசுக்கியைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் யப்பானிய மண்ணிலேயே மக்கள் பழக்கிப் பயிராக்கினர் என்பதை 2025இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று எடுத்துக் காட்டியுள்ளது. 712இல் தொகுக்கப்பட்ட கொஜிக்கி என்னும் பழைய நூல், கொலையுண்ட உணவுத் தெய்வத்தின் கண்களிலிருந்து நெல்லும், மூக்கிலிருந்து அசுக்கியும் தோன்றின என்று புராணம் கூறுகின்றது. அப்பயற்றின் செந்நிறம் தீமையை விலக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. எனவே ஆண்டின் முதல் மாதத்துப் பதினைந்தாம் நாளில் அசுக்கிக் கஞ்சி காய்ச்சுவது தொன்றுதொட்ட வழக்கமாயிற்று. பத்தாம் நூற்றாண்டில் எழுந்த தோசா நிக்கி என்னும் பயண நாட்குறிப்பில், கப்பற் பயணத்தின் நடுவே அந்நாளில் கஞ்சி காய்ச்ச இயலாமற்போன குறை பதியப்பட்டிருக்கின்றது. அக்காலத்து அசுக்கி இனிப்புப் பண்டமாக இருக்கவில்லை. அரிசியோடு சேர்த்து அவித்து உண்ணும் உணவாகவே அது இருந்தது.

ஏனெனில் சீனி அங்கு விளையவில்லை. நாரா நகரின் தோதாய்ஜி ஆலயத்துப் பெரும் புத்தருக்கு 756இல் பேரரசி கோமியோ அறுபது வகை மருந்துகளைக் காணிக்கையாக அளித்தார். அம்மருந்துகளின் பட்டியலில் கரும்புச் சீனியும் ஒன்று! கடல் கடந்து வந்த அப்பொருள், உணவாகக் கருதப்படாமல் ஒளடதமாகப் பேணப்பட்டது. இனிப்பை விரும்பிய பெருங்குடியினர் ஒருவகைக் காட்டுக்கொடியின் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கிக் கொண்டனர். அதுவும் எளிதிற் கிட்டுவதாக இல்லை.

பயற்றை விழுதாக்கும் கலை வளர்ந்ததிற் பௌத்தத் துறவியர்க்குப் பங்குண்டு. யோக்கான் என இன்று வழங்கும் அசுக்கிப் பலகாரத்தின் பெயரைச் சித்திர எழுத்திற் படித்தால் ஆட்டிறைச்சிச் சாறு என்று பொருள்படும். சீனத்தில் அது இறைச்சி உணவாகவே இருந்தது. புலால் மறுத்த ஸென் துறவியர் இறைச்சிக்கு ஈடாகப் பயற்றையும் மாவையும் கொண்டு அதனை ஆக்கினர். பொருள் மாறியபோதும் பெயர் மாறவில்லை. 1349இல் சீனத்திலிருந்து நாராவுக்கு வந்த ரின் ஜோயின் என்பவர் மஞ்சூ என்னும் அவித்த பணியாரத்துக்குள் பயற்று விழுதை வைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. அவ்விழுதில் அவர் கொடிச்சாற்றின் இனிப்போடு உப்பையும் சேர்த்தார் என்று அம்மரபு கூறுவது நம் கவனத்துக்குரியது. இனிப்பு எட்டாத ஏனைய மக்களின் பணியாரங்களில் உப்பிட்ட விழுதே நெடுங்காலம் நிலவிற்று. ஆகவே அங்கோவில் உப்பு பிற்காலத்தில் வந்து புகுந்ததன்று. சீனிக்கு முன்னரே அங்குக் குடியிருந்தது உப்பு.

மொனக்காவின் மற்றொரு பாதியாகிய அரிசி ஓட்டுக்கு உறவான பண்டங்கள் எளிய மக்களின் உணவாக வளர்ந்தன. புத்தாண்டில் தெய்வத்துக்குப் படைத்த பசையரிசிப் பிண்டம் காய்ந்து இறுகியபின், அதனைக் கத்தியால் வெட்டுவது தீக்குறி என்று கருதி, கையாலும் மரச்சுத்தியலாலும் உடைப்பர். அத்துண்டுகளை உலர்த்திச் சுட்டதே ஒக்காக்கி என்னும் நொறுவல். சாதாரண அரிசி மாவினால் தட்டிச் சுடும் அப்பளத்துக்குச் செம்பே என்று பெயர். எடோ நகரிலிருந்து, அதாவது இன்றைய தோக்கியோவிலிருந்து, வடக்கே செல்லும் பெருவழியில் 1630இல் சோக்கா என்னும் தங்கல் ஊர் அமைந்தது. அங்கு மாவுருண்டை விற்ற மூதாட்டி ஒருத்தி, விற்காமல் எஞ்சியவற்றைத் தட்டையாக்கி வெயிலில் உலர்த்திச் சுட்டு வழிப்போக்கர்க்கு விற்றாள் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், சோக்காவின் செம்பே தொடக்கத்தில் உப்பிட்டே செய்யப்பட்டது. பின்னர் நோதா, சோஷி ஆகிய ஊர்களிலிருந்து ஆற்றுவழியே சோயாச் சாறு வந்து குவிந்தபோது, அதனைப் பூசிச் சுடும் முறை பரவிற்று.

உப்பு இவ்வாறு எளியோரின் பக்கம் நிற்க, சீனி கப்பலேறி வந்தது. 1543இல் யப்பானிய மண்ணை மிதித்த போர்த்துக்கீசர் சீனிப் பண்டங்களை அறிமுகம் செய்தனர். 1569இல் பாதிரியார் லூயிஸ் புரோயிஸ், படைத்தலைவர் ஓடா நொபுனாகாவுக்குக் கண்ணாடிச் சாடியில் சீனி மிட்டாய் அளித்தமை பதிவாகியுள்ளது. பின்னர் யப்பான் தன் கதவுகளை அடைத்துக்கொண்டபோது, நாகசாக்கித் துறையில் தெஜிமா என்னும் சின்னஞ்சிறு தீவில் ஒல்லாந்தர் மட்டும் 1641 முதல் தங்கி வாணிகம் செய்ய இடம் பெற்றனர். 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிதான் அது. யாவாவில் விளைந்த சீனியை அக்கம்பனியின் கப்பல்களும், வேறு சீனியைச் சீன வணிகரின் கப்பல்களும் கொணர்ந்து இறக்கின. விலையாக வெள்ளியும் செம்பும் வெளியேறின.

அங்ஙனம் உலோகம் வெளியேறுவதைக் கண்டு கவலையுற்ற எட்டாம் ஷோகன் தொக்குகாவா யொஷிமுனே, உள்நாட்டிலேயே கரும்பு பயிரிடுமாறு ஊக்கினார். நகரங்களில் பலகாரக் கடைகள் பெருகின. எடோவின் யொஷிவரா பகுதியில் வட்டமான ஒரு மெல்லிய அரிசிப் பலகாரம் விற்பனைக்கு வந்தது. இலையுதிர்கால நடுநாளின் முழுமதியைப் பாடிய பழைய கவிதை ஒன்றிலிருந்து அதற்குப் பெயர் எடுத்தனர். அப்பெயரின் சுருக்கமே மொனக்கா. தொடக்கத்தில் வெறும் ஓடாக இருந்த அப்பலகாரத்தினுள் இனிப்பு விழுது பின்னரே புகுந்தது. எளியோரின் அரிசியும் செல்வரின் சீனியும் இவ்வாறு ஒரே அச்சில் வந்து கூடின.

அச்சீனி எவருடைய கைகளால் விளைந்தது? தெற்கே சத்சுமா என்னும் சிற்றரசு 1609இல் ரியூக்கியூ இராச்சியத்தின்மீது படையெடுத்து, அதன் வடபாலிருந்த அமாமித் தீவுகளைத் தன் ஆட்சிக்குள் கொணர்ந்தது. 1747இல் அத்தீவினர் அரிசியாகச் செலுத்திய வரியைச் சர்க்கரையாகச் செலுத்துமாறு ஆணை பிறந்தது. நெல்வயல்கள் கரும்புத் தோட்டங்களாயின. ஐம்பது இலட்சம் ரியோ கடனில் மூழ்கிய சத்சுமா, 1830இல் தீவுகளின் சர்க்கரை முழுவதையும் தன் தனியுரிமையாக்கியது. தனியார் விற்பனை செய்தால் மரண தண்டனை. தீவில் நாணயம் வழங்கக்கூடாது. மக்களுக்கு வேண்டிய பண்டங்களை அரசே தான் குறித்த விலைக்குச் சர்க்கரைக்கு ஈடாகத் தரும். வரி செலுத்த இயலாதோர் கடன்பட்டு, யான்ச்சு என்னும் கொத்தடிமைகளாகச் செல்வர் வீடுகளிற் புகுந்தனர். பஞ்சம் வந்தபோது, நஞ்சுள்ள சைக்கசு மரத்தின் கொட்டையையும் தண்டையும் பலமுறை நீரிலிட்டு நஞ்சகற்றி உண்டு உயிர் பிழைத்தனர். சர்க்கரைக் காட்டினுள் வாழ்ந்தவர்க்கு வாய்த்த உணவு அது! பிற்காலத்தார் அக்காலத்தைக் கருஞ்சர்க்கரை நரகம் என்று அழைத்தனர். 1868இல் ஷோகன் ஆட்சியை வீழ்த்தியோருள் முன்னின்ற சத்சுமாவின் செல்வத்தில், அத்தீவினரின் வியர்வைக்கும் பங்குண்டு என்பதை மறுத்தல் இயலாது.

புதிய ஆட்சியில் சீனி மெல்ல மெல்ல எல்லோர்க்கும் எட்டும் பொருளாயிற்று. தோக்கியோவின் கின்சாத் தெருவில் கிமுரா யசுபே என்பவர், அங்கோ வைத்துச் சுட்ட பாணை 1874இல் விற்கத் தொடங்கினார். 1875 ஏப்ரல் 4ஆம் நாள் அது மெய்ஜிப் பேரரசருக்குப் படைக்கப்பட்டபோது, அதன் நடுவே உப்பில் ஊறவைத்த செர்ரிப் பூவொன்று பதிக்கப்பட்டிருந்தது. பேரரசருக்குச் சென்ற இனிப்பிலும் உப்பு உடன் சென்றது!

ஆயின் சீனி மலிந்ததற்கும் விலை கொடுத்தோர் இருந்தனர். 1895இல் தைவான் யப்பானின் குடியேற்ற நாடாயிற்று. 1900இல் அங்குப் பெரும் சீனிக் கம்பனி நிறுவப்பட்டது. ஒவ்வோர் ஆலைக்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டது. அவ்வெல்லைக்குள் விளைந்த கரும்பை அந்த ஆலைக்கே விற்க வேண்டும். விலை கூறுவதும் நிறுப்பதும் ஆலையே. 1925இல் எர்லின் என்னும் ஊரில் நியாய விலை கேட்டுத் திரண்ட கரும்புக் கமக்காரர் பலர் சிறைப்பட்டனர். பின்னர் போர் வந்தது. 1940இல் யப்பானில் சீனி பங்கீட்டுப் பொருளாயிற்று. போர் முற்றியபோது கடைகளிலிருந்து மறைந்தே போயிற்று. 1945இல் தைவானும் கைவிட்டுப் போனது. 1952இல் கட்டுப்பாடு நீங்கும் வரையில், இனிப்பென்பது பலருக்கு நினைவாகவே இருந்தது.

இவ்வரலாற்றின் உட்பொருளை ஒரே கிண்ணத்தில் காட்டும் உணவொன்று ஷிக்கோக்குத் தீவில் உண்டு. இன்று ககாவா மாவட்டமாக விளங்கும் பழைய சனுக்கி நாட்டுக்கு ‘மூன்று வெண்பொருள்கள்’ புகழ் தந்தன: பருத்தி, உப்பு, சீனி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குத் தொடங்கிய வெண்சீனித் தொழில் ஒசாக்காச் சந்தையில் முதன்மை பெற்றது. கரும்புப் பாகை நீர் தெளித்துக் கையால் பிசைந்து, கல் ஏற்றி அழுத்திச் சாறு வடித்து, மீண்டும் மீண்டும் பிசைந்து எடுக்கும் அச்சீனி நாவிற் பட்டவுடன் கரையும். ஆனால் அதனை ஆக்கிய கமக்காரர் அதனை உண்ண அனுமதி பெற்றிருக்கவில்லை என்று அந்நாட்டார் சொல்வர். ஆண்டுக்கொரு முறை, புத்தாண்டிலேனும் அதன் சுவையை அறிய விரும்பிய அவர்கள், சீனி சேர்த்த அங்கோவைப் பசையரிசிப் பிண்டத்தினுள் வைத்து மூடினர். அதிகாரி வந்து பார்த்தாலும் தெரியாதவாறு, உப்பிட்டுப் புளிக்கவைத்த வெள்ளை மிசோச் சாற்றினுள் அதனை அமிழ்த்தினர். மேலே தெரிவது உவர்ப்பான சாறு; உள்ளே மறைந்திருப்பது அவர்களே விளைவித்த இனிப்பு.

அவ்வதிகாரிகளும் இல்லை, அத்தடையும் இல்லை. விரும்பியவர் விரும்பிய அளவு சீனி வாங்கலாம். ஆயினும் ககாவா மக்கள் இன்றும் புத்தாண்டுக் காலையில், இனிப்பு உருண்டையை உவர்ப்பான சாற்றினுள் இட்டே உண்கின்றனர்.