ஹின்ஸ்டேல் மலைநாட்டு வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கொலராடோ மாகாணத்தின் தென்மேற்கே, சான் ஹுவான் மலைகளிடையே ஹின்ஸ்டேல் என்னும் சிறு ஜில்லா உளது. சுமார் 700 ஆண்டுகட்கு முன்னர் மலைச்சரிவொன்று ஆற்றை மறித்தமையால், சான் கிறிஸ்டோபல் என்னும் ஏரி ஆங்குத் தோன்றிற்று.

இம்மலைகள் யூட் என்னும் பழங்குடியார்க்கு உரியனவாயிருந்தன. வெள்ளியும் பொன்னும் நாடி வந்தோர் பொருட்டு, 1873-ஆம் வருஷத்து உடன்படிக்கையால் அவர்கள் இவற்றை இழந்தனர். மறுவருஷமே ஜில்லா ஏற்பட்டது. 1889-இல் தலைநகராகிய லேக் சிட்டிக்கு இருப்புப்பாதையும் வந்தது. ஆயின் 1893-இல் வெள்ளியின் விலை வீழவே, சுரங்கத் தொழில் நலிந்தது, வந்தோரும் கலைந்தனர். 1933-இல் இருப்புப்பாதையும் கைவிடப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஜனக்கணக்கு 788 பேரே.

அன்பர்காள்! வெள்ளி இருபதாண்டும் நிலைத்திலது. அதன்பொருட்டு மலையிழந்தார்க்கோ அம்மலை மீண்டிலது. நாட்டின் வளத்தை எண்ணுங்கால், அதனை இழந்தாரையும் எண்ணுதலே சரித்திரமாம்.