அப்பா செஞ்ச பீரங்கி

எங்கப்பா வேலை பார்த்தது ஆவடி ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரியில. ஆறாவது படிக்கும்போது அகராதியில அந்த வார்த்தையைத் தேடினா, 'பீரங்கி, போர்த்தளவாடம்'னு போட்டிருந்தது. மறுநாளே கிளாஸ்ல, "எங்கப்பா பீரங்கி செய்றாரு"ன்னு அளந்து விட்டேன். பக்கத்து பெஞ்ச் பையனோட அப்பாவும் அங்கதான் வேலை. "போடா, அங்க சட்டை பேன்ட்டுதான்டா தைக்கிறாங்க"ன்னு போட்டு உடைச்சுட்டான். மானம் போச்சு :-)

அவன் சொன்னது உண்மை. 1961ல தொடங்கின எங்க ஓ.சி.எஃப். ராணுவச் சீருடை தைக்கிற ஆலை. டாங்கி செய்யறது அதே ஆவடியில இருக்கிற கனரக வாகனத் தொழிற்சாலை. முதல் விஜயந்தா 1965ல அங்கிருந்துதான் வெளிய வந்தது. அப்புறம் ஏன் துணி தைக்கிற இடத்துக்கு பீரங்கிப் பேரு?

லத்தீன்ல 'ஓர்டோ'ன்னா வரிசை, ஒழுங்கு. அதிலேருந்து பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது 'ஆர்டினன்ஸ்'. ஏற்பாடு, கட்டளை ரெண்டுமே அதுக்கு அர்த்தம். 14ஆம் நூற்றாண்டுக் கடைசியிலயே படைக்கு வேண்டிய சகல ஏற்பாட்டையும் அப்படித்தான் சொன்னாங்க. பிறகுதான் எறிகருவி, பீரங்கின்னு அர்த்தம் குறுகிச்சு. 17ஆம் நூற்றாண்டுக்குள்ள பாகப்பிரிவினை ஆயிடுச்சு: நடுவுல இருந்த 'ஐ' எழுத்து உதிர்ந்து போன 'ஆர்ட்னன்ஸ்' தளவாடத்துக்கு, 'ஐ' ஒட்டிக்கிட்டிருந்த 'ஆர்டினன்ஸ்' சட்டத்துக்கு. 2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில உட்கார்ந்து நாம கேட்டது ரெண்டாவதை. நம்ம ஆர்டினரி பஸ்கூட இதே வம்சம்தான்!

பிரிட்டன்ல பீரங்கி, வெடிமருந்தைப் பார்த்துக்கிட்ட துறை, பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வருவானோங்கற பயத்துல 1791ல மேப் போட ஆரம்பிச்சது. அந்த நாட்டு வரைபட நிறுவனத்துக்கு இன்னிக்கும் பேரு ஆர்ட்னன்ஸ் சர்வே. மேப்புக்கே அந்தப் பேரு பொருந்தும்னா சட்டைக்குப் பொருந்தாதா?

2021ல இந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் நேருக்கு நேரா மோதினாங்க. தளவாட ஆலைகளைக் கம்பெனிகளா மாத்தறதை எதிர்த்து சங்கங்கள் ஸ்ட்ரைக்குன்னு சொன்னாங்க. ஸ்ட்ரைக்கைத் தடை பண்ண வழி செஞ்சு மத்திய அரசு ஜூன் 30ஆம் தேதி போட்டது ஒரு ஆர்டினன்ஸ். ஆர்ட்னன்ஸை அடக்க ஆர்டினன்ஸ்! ஒரு எழுத்து மாறினா கம்பைலர் நம்மளைத் திட்டும், அவ்வளவுதான். இங்க ஆயிரக்கணக்கான குடும்பங்களோட பொழைப்பு சம்பந்தப்பட்டிருந்தது. அக்டோபர் 1ல ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைச்சு, 41 ஆலைகளையும் 7 கம்பெனிகளாப் பிரிச்சாங்க. ஓ.சி.எஃப். போய்ச் சேர்ந்த கம்பெனிக்குப் பேரு ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்.

ரிட்டயர் ஆகி வீட்ல இருக்கிற அப்பாகிட்ட இந்தக் கதையெல்லாம் சொன்னேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "அப்போ நான் தைச்சதும் ஆர்ட்னன்ஸ்தானடா?"ன்னு கேட்டாரு.

ஆமாப்பா. பீரங்கிக்குப் பின்னாடி நிக்கிறவனுக்கு சட்டை வேணும்ல!

பி.கு: பக்கத்து பெஞ்ச் நண்பா, எங்க இருந்தாலும் கேட்டுக்கோ. அன்னிக்கு நான் விட்டது முழுப் பொய் இல்ல.